பத்தாவது குழியில் ஆறு

மணல்குழிக்குள் நின்றுகொண்டு ஏழாவது முறையாக மட்டையை ஓங்கியபோது, கோல்ஃப் ஆட்டத்தைக் கண்டுபிடித்த மகராசன் கையில் கிடைத்தால் முதலில் அவனை இதே குழியில் புதைக்க வேண்டும் என்று இஷ்பெல் ரென்னி முடிவு செய்தாள். மட்டை இறங்கியது. மணல் எழும்பி, கண்ணுக்குக் கொஞ்சம் வாய்க்குக் கொஞ்சம் என்று அவளிடமே திரும்பி வந்தது. பந்து இருந்த இடத்திலேயே சொகுசாக உட்கார்ந்திருந்தது.

“பந்து மேல கோவம்னா நியாயம் இருக்கு, மேடம். அந்த மண்ணு உங்களுக்கு என்ன பண்ணுச்சு?” என்று மேலேயிருந்து குரல் வந்தது.

டூகல் பெட்ரி, அவளுடைய உதவியாளன். பத்து வருடம் இதே திடலில் பெரிய மனிதர்களின் மட்டைப் பையைத் தோளில் சுமந்தவன். இப்போது இன்வர்ஹேவனில் டாக்சி ஓட்டுகிறான். சவாரி இல்லாத நேரமெல்லாம் இஷ்பெலின் துப்பறியும் அலுவலகத்தில் உட்கார்ந்து அவளுடைய பிஸ்கட்டைத் தின்றுகொண்டே அவளுக்கு யோசனை சொல்கிறான்.

எட்டாவது வீச்சில் பந்து எப்படியோ கரையேறியது. இஷ்பெல் முழங்காலை ஊன்றி, புல்லைப் பிடித்து, தானும் கரையேறினாள். கடல் காற்று பக்கவாட்டில் அறைந்தது. அக்டோபர் பிறந்துவிட்டால் இந்தக் கரையில் காற்றுக்கு வேறு வேலை கிடையாது. இந்த ஐந்தாவது குழிக்கு மொத்தம் மூன்றே அடி என்று எழுதிக்கொள்ளும்படி அவள் டூகலிடம் சொன்னாள்.

டூகல் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, ஆட்டக்கணக்கு அட்டையில் பன்னிரண்டு என்று எழுதினான்.

“நாம என்ன கோப்பைக்கா ஆடறோம்? மூணுன்னு போடுன்னா போட வேண்டியதுதானே?”

“உங்க அக்கா ஃபோன் பண்ணினா நீங்க செத்துட்டீங்கன்னு சொல்றேன். போன வாரம் சொல்லியும் இருக்கேன். ஆனா அட்டையில பொய் எழுத மாட்டேன். அது வேற விஷயம்.”

இவனிடம் வாதாட நேரமில்லை. மணி ஒன்றே முக்கால் ஆகிவிட்டது. நாலு மணிக்குக் கமிட்டி கூடுகிறது. அதற்குள் விடை கிடைக்காவிட்டால் எஃபி கெடஸின் கொட்டகைச் சாவி நிரந்தரமாகப் பறிபோகும், போலீஸுக்கும் ஆள் போகும். அப்புறம் அவள் குற்றவாளி இல்லை என்று ஆயிரம் பேர் சொன்னாலும் இந்த ஊர் அவளை வெள்ளி திருடியவள் என்றுதான் கூப்பிடும்.

இன்வர்ஹேவன் திடல் கடலோரமாக ஒன்பது குழி போய், ஒன்பது குழி திரும்பி வரும். போகும் பாதி முடிகிற இடத்தில் ஒரு மரக்கொட்டகை. பத்தொன்பது வருடமாக அங்கே பார்லி சூப் விற்பவள் எஃபி. இலையுதிர்காலப் பதக்க ஆட்டத்தன்று மட்டும் கிளப்பின் வெள்ளி மட்டையை அந்தக் கொட்டகையின் ஆணியில் மாட்டிவைப்பார்கள். ஒவ்வொரு வருடமும் எல்லோரையும்விடக் குறைந்த அடியில் முடித்து ஜெயித்தவர் பெயர் பொறித்த வெள்ளிப் பந்து ஒன்று அதில் சேரும். பூண்டு கட்டித் தொங்கவிட்டாற்போல அப்படிக் கொத்துக் கொத்தாகப் பந்துகள். ஆடுகிறவர்கள் அதைத் தொட்டுவிட்டுத்தான் திரும்பும் பாதியைத் தொடங்குவார்கள். கடைசி ஜோடி தொட்டதும் எஃபி அதைக் கம்பளியில் சுற்றி சைக்கிளில் வைத்துக் கிளப்புக்குக் கொண்டுவருவாள்.

இன்று காலை கடைசி ஜோடி வந்தபோது அவள் பாத்திரம் கழுவத் தண்ணீர் எடுக்கக் குழாயடிக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தால் ஆணி மட்டும் இருந்தது.

கடைசி ஜோடி யார் என்பதுதான் தலைவலி. ஒருவர் கிளப் கேப்டன் ஃபார்க்கர் லம்ஸ்டன், மருந்துக்கடைக்காரர். மற்றவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் மேக்ஃபெயில், வாழ்நாளில் ஒரு பொய் சொன்னதில்லை என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்பவர். இருவர் பையையும் எல்லோர் முன்னிலையிலும் கொட்டிப் பார்த்தாகிவிட்டது, ஒன்றுமில்லை. வெள்ளியைத் தொட்டுவிட்டு நேராகப் பத்தாவது குழிக்குப் போய்விட்டதாக லம்ஸ்டன் சொன்னார். லம்ஸ்டன் அடித்த ஒவ்வொரு அடியையும் பார்த்தீர்களா என்று இஷ்பெல் கேட்டதற்கு, பார்த்தேன் என்று மேக்ஃபெயில் சொன்னார். அத்தோடு கமிட்டி எஃபி பக்கம் திரும்பிவிட்டது.

திங்கட்கிழமை எடின்பரோவிலிருந்து ஒரு பேராசிரியர் வருகிறார். திடலின் இருநூறு வருட வரலாற்றை எழுதுகிறவர். அந்தப் பந்துகளை ஒவ்வொன்றாகப் படம் பிடிக்கப்போகிறாராம். இப்போது ஆணியைத்தான் படம் பிடிக்க வேண்டும் என்று டூகல் வருத்தப்பட்டான்.

இஷ்பெலுக்கு இருந்தது ஒரே ஒரு நூல். கிளப் பலகையில் குத்தியிருந்த லம்ஸ்டனின் அட்டையை டூகல் எண் எண்ணாக நகலெடுத்து வந்திருந்தான். பதினேழு குழிகளில் மூன்றும் நாலும் ஐந்துமாக ஒழுங்காகப் போன மனிதர், நாலு அடியில் முடிக்கிற பத்தாவது குழியில் ஆறு எழுதியிருந்தார். கொட்டகைக்கு அடுத்த குழி அதுதான். இரண்டு அடி கூடுகிறது என்றால் பந்து எங்கோ புதருக்குள் போயிருக்க வேண்டும். அவரும் பின்னாலேயே போயிருக்க வேண்டும். புதருக்குள் போகிற மனிதர் அங்கே எதை வேண்டுமானாலும் விட்டுவிட்டு வரலாம்.

அந்த இடத்தை நடந்துபோய்ப் பார்க்கலாம் என்றால், நாலு மணி வரை யாரும் திடலில் சும்மா சுற்றக்கூடாது என்று கேப்டனின் உத்தரவு. வாசல் கூண்டில் உட்கார்ந்திருந்த கிழவர் அதைச் சொல்லிவிட்டு, ஆட வருகிறவரைத் தடுக்க கேப்டனுக்கும் அதிகாரம் இல்லை, அது ஊராரின் உரிமை என்பதையும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னார். அப்படித்தான் முப்பது வருடமாக மட்டையைத் தொடாத இஷ்பெல் இரவல் பையோடு முதல் குழியில் நின்றாள். சுங்க இலாகாவில் இருபது வருடம் பொய்யர்களின் பெட்டியைத் திறந்து பார்த்தபோதுகூட அவளுக்கு இவ்வளவு எரிச்சல் வந்ததில்லை.

ஆறாவது குழியில் பந்து முயல் வளைக்குள் போனது. ஏழாவதில் காற்று அவளுடைய தொப்பியைப் பந்தைவிட அதிக தூரம் கொண்டுபோனது. எட்டாவதில் அவள் அடித்த பந்து ஒரு வாத்தை விரட்டிவிட்டு கடலில் விழுந்தது. டூகல் எல்லாவற்றையும் நேர்மையாக எழுதிக்கொண்டே வந்தான்.

ஒன்பதாவது குழியை விட்டு வந்தபோது மணி இரண்டரை தாண்டியிருந்தது. கொட்டகைக் கதவில் கமிட்டியின் புதுப்பூட்டு தொங்கியது. பின்னால் மணல்மேடும் நீளப் புல்லும். நூறு முயல் வளைகள். ஒவ்வொன்றாகத் துழாவினால் கிறிஸ்துமஸ் வந்துவிடும். அவள் பத்தாவது குழிக்கு நடந்தாள்.

முள்புதர் அந்தக் குழியின் இடது ஓரமெல்லாம் அடர்ந்திருந்தது. இருவரும் குச்சியால் விலக்கிப் பார்த்தார்கள். கையெல்லாம் கீறல். டூகல் மூன்று பழைய பந்துகளையும் ஒரு செருப்பையும் கண்டுபிடித்தான்.

பத்தாவது குழியின் பசும்புல் தரைக்குப் பக்கத்தில் கயிறு கட்டித் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள் மிசஸ் டத்தி. திடலில் துணி காயப்போடுவதும் ஊராரின் உரிமைதான். கிளிப்பை வாயிலிருந்து எடுக்காமலே, என்ன தேடுகிறீர்கள் என்று விசாரித்தாள். காலையில் கேப்டன் இந்தப் பக்கம் பந்தைத் தொலைத்தாரே, அந்த இடம் எது என்று இஷ்பெல் கேட்டாள்.

மிசஸ் டத்தி கிளிப்பை எடுத்தாள்.

“தொலைச்சாரா? யாரு சொன்னது? ஏம்மா, நான் இங்கதானே போர்வையை உதறிக்கிட்டு நின்னேன். முதல் அடி நடுப்புல்லுல. ரெண்டாவது அதோ அந்தக் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்துல. உருட்டி விட்டாரு, கொஞ்சம் தப்பிடுச்சு. மறுபடி உருட்டினாரு, உள்ள போயிடுச்சு. சுத்தமா நாலு. நானே கை தட்டினேன்.”

தப்பாக எண்ணியிருக்கலாமோ என்று டூகல் மெதுவாகக் கேட்டான். எட்டுப் பிள்ளை பெற்று எண்ணி எண்ணிச் சாப்பாடு போட்டவளுக்கு நாலு வரை எண்ணத் தெரியாதா என்று அவள் திருப்பிக் கேட்டாள். அவன் போர்வையின் மறுபக்கம் போய் நின்றுகொண்டான்.

இஷ்பெலுக்கு அழுகை வரும்போல இருந்தது. ஒன்பது குழி, தொண்ணூற்று நாலு அடி, தோள்பட்டை வலி, தொலைந்துபோன தொப்பி, எல்லாம் இதற்காகத்தான். பந்து தொலையவில்லை, புதருக்குள் போகவில்லை. அவள் பிடித்து வந்த ஒரே நூலும் கையிலேயே அறுந்துவிட்டது. மழை வேறு பொட்டுப் பொட்டாக விழத் தொடங்கியது. மட்டையைத் தூக்கிக் கடலில் எறியலாம் என்றால் அது இரவல் மட்டை.

அவள் ஈரப் புல்லில் உட்கார்ந்துவிட்டாள். கிளப்பில் நடையோர பெஞ்சில் எஃபி உட்கார்ந்திருப்பாள். காலையில் இஷ்பெலின் அலுவலகத்துக்கு ஓடி வந்தபோது சூப் கரண்டி அவள் கையிலேயே இருந்தது. அதைக்கூடக் கீழே வைக்கத் தோன்றாமல் ஓடி வந்தவளிடம், நாலு மணிக்குள் முடித்துவிடுகிறேன் என்று வாய்க்கொழுப்பில் சொல்லிவிட்டு வந்தாயிற்று.

டூகல் அவளுடைய அட்டையில் பத்தாவது கட்டத்தைப் பார்த்தபடி நின்றான். அவள் இந்தக் குழியை ஆடவே இல்லையே, கோடு போட்டுவிடட்டுமா என்று கேட்டான். என்ன எழவையாவது எழுதித் தொலை என்று இஷ்பெல் சொன்னாள். சொல்லிவிட்டு அப்படியே நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

“டூகல், நாலு அடிச்சவன் மூணுன்னு எழுதினா புரியுது. ஆறுன்னு எவனாவது எழுதுவானா?”

“நான் பார்த்ததில்ல.”

“மட்டையால அடிக்காமலே கணக்குல ரெண்டு ஏறுமா?”

டூகல் விரல் விட்டான். தப்பான பந்தை அடித்தால் ஏறும். மணல்குழியில் மட்டையைத் தரையில் ஊன்றினால் ஏறும். அடுத்தவனிடம் எந்த மட்டை எடுக்கலாம் என்று யோசனை கேட்டால் ஏறும். ஒவ்வொன்றுக்கும் மிசஸ் டத்தி போர்வைக்குப் பின்னாலிருந்து இல்லை என்றாள். டூகலின் விரல் சுண்டுவிரலில் நின்றது.

“ஆட்டத்தைத் தாமதம் பண்ணினா ரெண்டு.”

“தாமதமா? இங்க எங்க தாமதம்? இவங்க பார்த்துக்கிட்டே இருந்திருக்காங்களே.”

“இங்க இல்ல, மேடம். ஒரு குழி முடிஞ்சு அடுத்ததுக்கு வர்றதுக்குள்ள ஒருத்தன் மசமசன்னு நின்னாலும் அபராதம் உண்டு. ஆனா அது முடிஞ்ச குழியில ஏறாது. அடுத்த குழியிலதான் ஏறும்.” அவன் பென்சில் கையிலிருந்து நழுவியது. “ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவுல இருக்கறது எஃபியோட கொட்டகை.”

ஆக, லம்ஸ்டன் புதருக்குள் போகவே இல்லை. இந்தக் குழியில் முதல் அடி அடிப்பதற்கு முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. காலையில் மேக்ஃபெயிலிடம் தான் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்ததும் இஷ்பெல் தன்னைத்தானே வாய்விட்டுத் திட்டிக்கொண்டாள். ஒவ்வொரு அடியையும் பார்த்தீர்களா என்றுதான் கேட்டிருந்தாள். அடிகளுக்கு நடுவில் என்ன நடந்தது என்று கேட்கவில்லை. அந்த மனிதரும் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லியிருக்கிறார்.

மணி மூன்று பத்து. சாட்சிக்கு வர முடியுமா என்று மிசஸ் டத்தியைக் கேட்டதுதான் தாமதம், அவள் ஈரத் துணியை அப்படியே கூடையில் அள்ளிக்கொண்டு முன்னால் நடந்தாள். மூன்று பேரும் கடல் காற்றை எதிர்த்துக் குனிந்தபடி திடலைக் கடந்தார்கள்.

கமிட்டி அறையில் ஐந்து பேர் இருந்தார்கள். தலைமை நாற்காலியில் லம்ஸ்டன், பதக்க நாளுக்கான சிவப்புக் கோட்டில். எதிரே மேஜைமேல் கொட்டகைச் சாவி. சுவர் ஓரமாக எஃபி நின்றிருந்தாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. மேக்ஃபெயில் ஜன்னலோரம் புகைக்குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார். முடிவைச் செயலாளர் படிக்கத் தொடங்கியபோது இஷ்பெல் கதவைத் தட்டாமல் உள்ளே போனாள். தலைமுடியில் மணலும் முகத்தில் முள் கீறலுமாக அவள் நின்ற கோலத்தைப் பார்த்து செயலாளர் படிப்பதை நிறுத்தினார்.

வெள்ளியைப் பற்றி அவள் பேச்சே எடுக்கவில்லை. பத்தாவது குழியில் எத்தனை என்று லம்ஸ்டனிடம் கேட்டாள். அட்டையில் இருக்கிறதே, ஆறு என்றார் அவர். நாலுதான் என்று வாசலில் இருந்து மிசஸ் டத்தி சொன்னாள். மேக்ஃபெயிலும் தலையாட்டி, மட்டையால் அடித்தது நாலுதான் என்றார். செயலாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அப்படியென்றால் கேப்டன் தப்பான அட்டையில் கையெழுத்துப் போட்டிருக்கிறாரா என்று கேட்டார்.

லம்ஸ்டன் எழுந்துவிட்டார். முகம் கோட்டின் நிறத்துக்கு வந்துவிட்டது.

“என் அட்டையில தப்பு கிடையாது. நான் தப்பா எழுதறவன் இல்ல.”

“அப்ப மீதி ரெண்டு எதுக்கு, மிஸ்டர் லம்ஸ்டன்?” என்று இஷ்பெல் கேட்டாள்.

அவர் கோட்டுப் பொத்தானைத் திருகினார். ஜன்னலில் மழை அடித்தது. இதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் பதில் வரும் என்று தெரிந்தது. அவளிடமும் கமிட்டியிடமும் கண் இமைக்காமல் புளுகிய மனிதரால் அந்தச் சின்ன அட்டையைப் பற்றி ஒரு பொய் சொல்ல முடியவில்லை.

“தாமதத்துக்கு,” என்றார் லம்ஸ்டன்.

மற்றதை மேக்ஃபெயில் சொன்னார். கொட்டகையில் வெள்ளியைத் தொட்டதும் அவர் வழக்கம்போல மணல்மேட்டுக்குப் பின்னால் ஒதுங்கப் போனார். வயது, பிறகு குழாய் பற்றவைப்பு, எல்லாம் சேர்ந்து பத்து நிமிடம். பத்தாவது குழிக்கு வந்தால் லம்ஸ்டனைக் காணோம். இன்னும் பத்து நிமிடம் காத்திருந்த பிறகு கொட்டகைப் பக்கமிருந்து மூச்சு வாங்க ஓடி வந்தாராம். கையுறையை மறந்துவிட்டேன், தாமதத்துக்கு இரண்டு போட்டுக்கொள்ளுங்கள் என்று அவரே சொன்னாராம். இதைக் காலையிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று இஷ்பெல் பல்லைக் கடித்தாள். நீங்கள் கேட்கவில்லையே என்றார் மேக்ஃபெயில், முகத்தில் எந்தச் சலனமும் இல்லாமல்.

நாளைக்கு ஞாயிறு, ஆட்டம் கிடையாது, ஊரே திடலில் உலாவும், கேப்டனும் எந்த முயல் வளைப் பக்கம் உலாவப் போவார் என்று எட்டிநின்று பார்த்தால் போதும் என்றாள் இஷ்பெல். அதற்குத் தேவையிருக்கவில்லை. கொட்டகைக்குப் பின்னால், சாய்ந்த வேலிக் கம்பத்துக்குக் கீழே மூன்றாவது வளை என்று லம்ஸ்டன் மேஜையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பந்துக் கொத்து வளைக்குள் நுழைய மறுத்ததில்தான் அந்தப் பத்து நிமிடமும் போனதாம். டூகலும் செயலாளரும் கிளம்பிப் போனார்கள்.

காத்திருந்த நேரத்தில் காரணமும் வந்தது. ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்றில் பதக்கம் ஜெயித்தவர் ஆண்ட்ரூ லம்ஸ்டன் என்று கிளப் கூடத்தில் தங்க எழுத்துப் பலகை சொல்கிறது. அந்தப் பலகையைச் செய்து கொடுத்ததே லம்ஸ்டன் குடும்பம்தான். ஆனால் வெள்ளிப் பந்தில் இருப்பது வேறொருவர் பெயர். லம்ஸ்டனின் தாத்தாவான அந்த ஆண்ட்ரூ, ஐந்து அடித்த குழியில் நாலு என்று எழுதிப் பிடிபட்டுவிட்டார். எண்பத்து மூன்று வருடமாக வீட்டுக்குள்ளேயே புழுங்கிய விஷயம் அது. அட்டையில் ஒருநாளும் குறைத்து எழுதமாட்டேன் என்று ஏழு வயதில் பைபிள் மேல் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாராம் லம்ஸ்டனின் அப்பா. திங்கட்கிழமை வருகிற பேராசிரியர் அந்த ஒரு பந்தைப் படிக்கக்கூடாது, அவ்வளவுதான். அதை மட்டும் கழற்றிக்கொண்டு மற்றதைக் கொட்டகைப் பக்கமே போட்டுவிடுவதாக இருந்தேன் என்றார்.

கமிட்டியில் ஒருவர் மெதுவாக வேறொன்றைக் கேட்டார். இன்றைய பதக்கத்தைத் தபால்காரர் ரிட்சி எழுபத்து நாலு அடியில் ஜெயித்திருக்கிறார், கேப்டன் எத்தனை? எழுபத்தைந்து என்றார் லம்ஸ்டன். அந்த இரண்டு ஏறியிருக்காவிட்டால் எழுபத்து மூன்று. அறையில் இருந்த எல்லோரும் அந்தக் கழித்தலைப் போட்டுப் பார்த்தார்கள். அவரும் போட்டுப் பார்த்திருக்க வேண்டும், நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

ஐந்தே காலுக்கு வெள்ளி வந்தது. டூகல் அதைத் தன் கோட்டில் சுற்றி, பிள்ளையைப்போல அணைத்துக்கொண்டு வந்து மேஜைமேல் வைத்தான். செயலாளர் எஃபியிடம் திரும்பி, தப்பு நடந்துவிட்டது, கமிட்டி வருந்துகிறது என்று இரண்டு மூன்று முறை இருமிக்கொண்டே சொன்னார். எஃபி சுவரை விட்டு மேஜைக்கு வந்தாள். மணலைத் தன் ஏப்ரனால் துடைத்தாள். பந்துக் கொத்துக்குள் விரலை விட்டு, தேடாமலே ஒன்றைப் பிடித்துத் திருப்பினாள்.

“இதுதானே, மிஸ்டர் லம்ஸ்டன்? ஜேம்ஸ் ஓர்க்னின்னு இருக்கு. பத்தொன்பது வருஷமா வருஷாவருஷம் இதையெல்லாம் தேய்ச்சுத் துடைக்கறவ நான்தான். எல்லாப் பேரும் எனக்குத் தெரியும். உங்க தாத்தா பேரு இதுல இல்லங்கறதும் முதல் வருஷமே தெரியும்.” அவள் பந்தை விட்டாள். “நான் யார்கிட்டயாவது சொன்னேனா?”

லம்ஸ்டன் நாற்காலியை விட்டு எழுந்தார். மேஜைமேல் இருந்த கொட்டகைச் சாவியை எடுத்து அவளிடம் நீட்டினார். எஃபி அந்தக் கையைப் பார்த்தாள்.

“மேஜை மேலயே வைங்க,” என்றாள். “நான் எடுத்துக்கறேன்.”

அவர் வைத்தார். அவர் கையை முழுதாகப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளும் வரை காத்திருந்துவிட்டு, அவள் சாவியை எடுத்துக்கொண்டாள்.